மணல்மேட்டுக்குப் பட்டா கொடுத்தது யார்?

தள்ளுவண்டிக்காரரை விரட்ட அதிகாரிகள் வருகிறார்கள். லாரி வருகிறது, காவலர் வருகிறார், தராசு பறிபோகிறது, வாழைச்சீப்பு வீதியிலே சிதறுகிறது. கேட்டால், "போக்குவரத்துக்கு இடைஞ்சல்" என்கிறார்கள். நல்லது, இடைஞ்சல் கூடாதுதான்! ஆனால் அந்தத் தள்ளுவண்டி நின்ற இடத்திலிருந்து பத்தே அடி தள்ளி, அதே சாலையில், பாதிச் சாலையை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுவதுபோலக் கருங்கல் ஜல்லி குவிந்து கிடக்கிறதே, அதன்மீது ஓர் அதிகாரியின் கண்ணாவது பட்டதா? பக்கத்திலே செங்கல் அடுக்கு, அதையடுத்து மணல்மேடு, அதன்மேல் நாய் ஒன்று சுகமாக உறங்குகிறது. நாயை எழுப்பக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. தள்ளுவண்டிக்காரர் மட்டும் ஓட வேண்டும்.

கடலூரில் இது நடக்கிறது. சிதம்பரத்தில் நடக்கிறது. தமிழகத்து நகரம் எதிலே நடக்கவில்லை என்று கேட்டாலும் தகும். நம் தோழர்கள் நாள்தோறும் மிதித்துச் செல்லும் மண் என்பதால் இந்த இரண்டு ஊரை வைத்தே பேசுவோம்.

ஒரு சின்னக் கணக்கு. மணல், ஜல்லி வியாபாரத்தில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மூன்று யூனிட் டிப்பர் ஒன்று வந்து கொட்டினால் 300 கன அடி. குவியலின் சராசரி உயரம் இரண்டடி என்று வைத்துக்கொண்டாலும், அது பிடிக்கும் இடம் 150 சதுர அடி; அதாவது பத்தடி அகலம், பதினைந்தடி நீளம். இருபதடித் தெருவிலே பாதி போயிற்று! தள்ளுவண்டி ஆறடி நீளம், மூன்றடி அகலம். பதினெட்டு சதுர அடி. எட்டுத் தள்ளுவண்டி நிற்கும் இடத்தை ஒரே ஒரு லோடு மணல் பிடித்துக்கொள்கிறது. எட்டு வண்டி என்றால் எட்டுக் குடும்பம், எட்டு அடுப்பு. மணலுக்குக் குடும்பமும் இல்லை, அடுப்பும் இல்லை. ஆனால் அதற்கு முதலாளி இருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், ஒரு தெரு வியாபாரியை அப்புறப்படுத்துமுன் முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. முப்பது நாள்! முப்பது நிமிடம் தருகிறார்களா என்று எந்தத் தள்ளுவண்டிக்காரரையும் கேட்டுப் பாருங்கள். மணல்மேட்டுக்கு அப்படி ஒரு பாதுகாப்புச் சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. இருந்தும் அது மாதக்கணக்கில் வாழ்கிறது.

பொதுவழியை அடைப்பது குற்றம் என்று வெள்ளையன் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்திலேயே, 283-ஆவது பிரிவில் இருந்தது. அபராதம் எவ்வளவு? 200 ரூபாய் வரை! நூற்றறுபது ஆண்டுக்கு மேலாக, விக்டோரியா மகாராணி காலத்திலிருந்து அந்த 200 ரூபாய் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அரிசி விலை ஏறிற்று, மணல் விலை ஏறிற்று, மனை விலை விண்ணை முட்டிற்று. வீதியை அடைக்கும் விலை மட்டும் அப்படியே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டம், நம் நாக்கில் நுழைய மறுக்கும் வடமொழிப் பெயர் தாங்கிய சட்டம், தன் 285-ஆவது பிரிவில் அதை 5,000 ரூபாய் வரை என்று ஆக்கியிருக்கிறது. கோடி ரூபாய்க் கட்டடம் எழுப்புகிறவருக்கு ஐயாயிரம் ஒரு தொகையா? சிமெண்டு இறக்கும் தோழர்களுக்குக் கொடுக்கும் தேநீர்ச் செலவிலே எழுதிக்கொள்வார். அந்த ஐயாயிரத்தையும் வசூலிக்க யாராவது ஏடும் எழுதுகோலும் எடுத்துப் புறப்பட்டால்தானே!

நகராட்சிக்குத் தனியே அதிகாரம் இல்லாமலா போயிற்று? 1920-ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே, தெருவை அடைக்கக்கூடிய கட்டட வேலைக்கு முன்கூட்டி உரிமம் பெற வேண்டும் என்ற விதி இருந்தது. ஆக, நூறு ஆண்டுக்கு முன்பே சிந்தித்திருக்கிறார்கள். சிந்தித்தது தாளோடு நின்றது.

இப்படிச் சொல்வதால், கட்டடமே கூடாது என்கிறோம் என்று யாரும் திரித்துப் பேச வேண்டாம். கடலூர் மாவட்டத்துக்காரனைப் பார்த்துக் கட்டாதே என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? 2004 டிசம்பர் 26, கடல் பொங்கிக் கரையோரக் குப்பங்களை வாரிச் சுருட்டியது. 2011 டிசம்பர் 30, தானே புயல். கூரை பறந்தது, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015-இல் வெள்ளம். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருக்கெடுத்து மீண்டும் வெள்ளம். இடிவதும் எழுவதுமாகவே இருபது ஆண்டு கழிந்த மாவட்டம் இது. கீற்றுக்கூரைக்குப் பதில் காங்கிரீட் கூரை என்ற எண்ணம் ஏழைக்கு வந்தது ஆடம்பரத்தால் அன்று, அச்சத்தால்! அந்தக் கூரைக்கு மணல் வேண்டும், ஜல்லி வேண்டும், கம்பி வேண்டும். அவை லாரியில்தான் வர வேண்டும். லாரி தெருவில்தான் வர வேண்டும். கட்டுகிறவர் யார்? நம் கொத்தனார், நம் சித்தாள், நம் கம்பி கட்டும் தோழர். கட்டட வேலை நின்றால் முதலில் பட்டினி கிடப்பவர் அவரே.

ஆகவே, சந்துக்குள்ளே முந்நூறு சதுர அடியில் வீடு கட்டும் ஏழையின் ஒரு லோடு மணலையும், கடைவீதியில் நான்கு மாடி எழுப்பும் சீமானின் நாற்பது லோடையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அந்த ஏழைக்கு வீட்டுக்குள்ளே இடம் இல்லை. வாசலில் கொட்டினால், இரவோடு இரவாக மனைவி மக்களோடு சட்டியெடுத்துச் சுமந்து உள்ளே சேர்க்கிறான். சீமானுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் முழுவதும் கட்டடத்துக்கே வேண்டும் என்கிறார். ஓரடி விடாமல் மூலைக்கு மூலை அஸ்திவாரம் தோண்டுகிறார். பொருள் வைக்கக் கிடங்கு எது? பொதுச்சாலை! வாடகை எவ்வளவு? ஒரு காசும் இல்லை!

கூர்ந்து பார்த்தால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. பூச்சு வேலைக்கு மூன்று மாதம் கழித்துத் தேவைப்படும் மணல் இன்றே வந்து இறங்குவது ஏன்? விலை ஏறிவிடுமோ என்ற பயம், கிடைக்கும்போது வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். கடலூரிலே கருங்கல் மலை இல்லை. ஜல்லி மேற்கே குவாரிகளிலிருந்து தொலைதூரம் வருகிறது. 2003 முதல் ஆற்றுமணலை அரசே விற்பது என்றானது. 2017-இல் இணையத்தில் பதிந்து முறை வரும்வரை காத்திருப்பது என்றானது. முறை வருகிற அன்றைக்கு வாங்க வேண்டும், தேவைப்படுகிற அன்றைக்கு என்று காத்திருக்க முடியாது. இப்படி வந்த பழக்கம், ஆலைமணல் வந்த பிறகும் போகவில்லை. வீதி இலவசமாகக் கிடைக்கும்வரை போகவும் போகாது.

தேவைக்கு முன்னே பொருள் வந்து சாலையோரம் கிடந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். வீராணத்துத் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோவதற்காகச் செய்த பழைய காங்கிரீட் குழாய்கள், திட்டம் நின்றுபோனதால், ஆண்டுக்கணக்கில் சாலையோரம் உருண்டு கிடந்தன. வீடில்லாத ஏழைகள் அந்தக் குழாய்க்குள் குடித்தனமே நடத்தினார்கள். 2004-இல் புதிய குழாய் போட்டுத்தான் தண்ணீர் போயிற்று. எந்த ஆட்சி, எந்தக் கட்சி என்ற வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. அதிலே பாடம் எல்லோருக்கும் உண்டு.

இனிச் சிதம்பரத்துக்குப் போவோம். அந்த ஊரின் அமைப்பைப் பாருங்கள். நடுவே கோயில், சுற்றிலும் கீழவீதி, மேலவீதி, தெற்குவீதி, வடக்குவீதி. தேர் ஓடுவதற்கென்று அகலமாக வகுத்த வீதிகள். அவற்றிலிருந்து பிரியும் சந்துகளோ மாட்டுவண்டி காலத்து அளவு. பள்ளிப் பிள்ளைகள், 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு வந்துபோகிறவர்கள், யாத்திரைக் கூட்டம், மருத்துவமனைக்கு வருகிற கிராமத்து மக்கள், புவனகிரியிலிருந்தும் காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் வரும் பேருந்துகள், அத்தனையும் இந்த வீதிகளைச் சுற்றியே. ஓட்டு வீடு இடிந்த இடத்தில் விடுதி எழுகிறது, கடைத்தொகுதி எழுகிறது. சந்து அதே சந்து. வருகிற டிப்பர் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

ஆண்டுக்கு இரண்டு முறை, ஆனியிலும் மார்கழியிலும் தேர் ஓடுகிறது. அன்று அந்த நான்கு வீதிகளையும் பார்த்திருக்கிறீர்களா? மணல் இல்லை, ஜல்லி இல்லை, செங்கல் இல்லை! தேருக்குத் தடையாக நிற்பதெல்லாம் ஒதுங்கிவிடுகிறது. தேரைப்பற்றி நமக்கு இருக்கும் கருத்து நாடறிந்தது. அதைப் பேச வரவில்லை. நாம் கேட்பது வேறு. இரண்டு நாளைக்கு முடிகிறது என்றால், முடியாத காரியம் அன்று என்பது மெய்ப்பட்டுவிட்டதே! மீதி 363 நாளும் அதே வீதியில் ஓடுவது பிரசவ வலியோடு வரும் தாயின் ஆட்டோ. அதற்கு ஏன் வழி இல்லை?

கடலூரின் நோய் வேறு வகை. அங்கே கழுத்துப்பிடி கெடிலம் ஆறு. மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்குப் போகிறவர்களின் பெருங்கூட்டம் அண்ணா பாலத்தைத்தான் தாண்டியாக வேண்டும். அலுவலகத்துக்குப் போகிறவர், பள்ளிக்குப் போகிற பிள்ளை, சந்தைக்கு மீன்கூடை சுமக்கிற தாய், அவர்களோடு ஜல்லி லாரி, கம்பி லாரி, சுழலும் வயிற்றோடு காங்கிரீட் லாரி. காலை ஒன்பது மணிக்குப் பாலத்தருகே கம்பி லாரி ஒன்று பின்னோக்கித் திரும்பினால் போதும், லாரன்ஸ் சாலைவரை மூச்சு முட்டும். 1866-இல் நகராட்சியாகி, 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. பெயர்ப்பலகை பெரிதாயிற்று, தெரு பெரிதாகவில்லை.

கடலூருக்கு மழை என்ற இன்னொரு கணக்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை கொட்டும்போது, தெருவில் கிடந்த மணலும் இடிபாடும் எங்கே போகின்றன? வடிகாலுக்குள்! வடிகால் அடைபட்டால் தண்ணீர் எங்கே போகும்? தாழ்ந்த பகுதியில் வாழும் நம் வீட்டுக்குள்! மாடி கட்டுகிறவர் கொட்டிய மணல், குடிசைக்காரன் அடுப்பை நனைக்கிறது. கட்டட இடிபாடுகளைச் சாலையிலோ வடிகாலிலோ போடக்கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி செய்தது. வடிகாலுக்கு அந்த விதி தெரியவில்லை போலும்.

நெரிசலுக்கு அதிகாரிகள் வைத்திருக்கும் மருந்து ஒன்றே: "பகலில் லாரி வரக்கூடாது, இரவில் வரட்டும்." கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மருந்து பழையதும்கூட. கி.மு. 45-இல் ரோமாபுரியிலே ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம், பொழுது விடிந்தது முதல் மாலை நெருங்கும்வரை நகருக்குள் வண்டி ஓடக்கூடாது என்றது. விலக்கு யாருக்கு? தேவாலயம் கட்டவும் பொதுக் கட்டடம் எழுப்பவும் பொருள் கொண்டுவரும் வண்டிக்கு! அந்நாளிலேயே கட்டட வண்டிக்குத் தனிச் சலுகை. மற்ற வண்டியெல்லாம் இரவுக்குத் தள்ளப்பட்டன. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்து ஜூவெனல் என்ற கவிஞன் எழுதினான்: இரவு வண்டிகளின் இரைச்சலிலே ரோமாபுரியில் ஏழைக்கு உறக்கமே இல்லை, பணக்காரன்தான் உறங்க முடியும் என்று. சலவைக்கல் ஏற்றிய வண்டி கவிழ்ந்தால் அடியில் சிக்கிய ஏழையின் எலும்புகூட மிஞ்சாது என்றும் எழுதினான். அந்தக் கவிஞன் லாரியைக் கண்டவனல்லன். லாரியின் அடியில் யார் கிடப்பார் என்பதை அறிந்தவன்.

நம் ஊரில் இரவுக்குத் தள்ளினால் என்ன நடக்கும்? ஓட்டுநர் தோழர் பகல் முழுவதும் ஊருக்கு வெளியே சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, அனல் கக்கும் கேபினுக்குள் காத்துக்கிடப்பார். அவருக்கு நடைக்குத்தான் காசு. காத்திருப்பதற்குக் காசு இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. காத்துக்கிடந்த நேரத்தை வேலை என்று எண்ணுகிறவர் யார்? பகலெல்லாம் உறங்காத கண்ணோடு நள்ளிரவில் அவர் சந்துக்குள் வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். சுமைதூக்கும் தோழர் இரவு இரண்டு மணிக்கு 50 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, விளக்கில்லாத படியிலே ஏற வேண்டும். காலையில் அவருக்கு வேறு வேலை காத்திருக்கும். மறுநாள் போக்குவரத்து அழகாக ஓடும். அழகுக்கு விலை கொடுத்தவர் எவரென்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இரவே கூடாது என்பதன்று நம் கட்சி. இரவு வேலைக்கு இரட்டைக் கூலி, இறக்கும் இடத்தில் விளக்கு, வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது கைகாட்ட ஓர் ஆள், காத்திருக்கும் ஓட்டுநருக்குப் படியும் படுக்க இடமும், இவற்றைக் கட்டுகிறவர் கொடுத்தால் இரவு வரட்டும். கேரளத்தில் 1978-லேயே சுமைத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் கண்டார்கள். தமிழகத்தில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் வந்தன. அட்டை இருக்கிறது தோழர்களே. இரவுக் கூலிக்கு வரையறை கேளுங்கள்.

எல்லாப் பொருளையும் இரவுக்குத் தள்ளவும் முடியாது. ஆலையில் கலந்து வரும் காங்கிரீட்டை இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் அது இறுகத் தொடங்கிவிடும். அந்த லாரி நெரிசலில் சிக்கினால் திட்டு வாங்குகிறவர் ஓட்டுநர். தூண் பலமிழந்தால் பழி வாங்குகிறவர் கொத்தனார். ஆகவே அந்த வண்டிக்குப் பள்ளி நேரமும் அலுவலக நேரமும் நீங்கலாகப் பகலிலே இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். காலை எட்டிலிருந்து பத்துவரை, மாலை நாலிலிருந்து ஆறுவரை எந்த டிப்பரும் ஊருக்குள் கூடாது. இதற்குப் பெரிய மேதை தேவையில்லை. பள்ளிக்கூட மணி அடிப்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

மெய்யான மருந்து ஊருக்கு வெளியே இருக்கிறது. சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில், ஹம்மர்பி என்ற பகுதியில் ஏரிக்கரையை ஒட்டிப் பெரிய குடியிருப்பு எழுப்பினார்கள். 2000-களின் தொடக்கம் அது. நூறு கட்டடத்துக்கு நூறு திக்கிலிருந்து லாரி வந்தால் ஊர் தாங்காது என்று கண்டு, வாசலிலேயே ஒரு பொதுக் கிடங்கு அமைத்தார்கள். பெரிய லாரி அங்கே இறக்கிவிட்டுப் போய்விடும். அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் சேர்த்துக் கட்டி உள்ளே போகும். லண்டனிலும் அதே வழியைக் கைக்கொண்டார்கள். அங்கே இன்னொன்றும் செய்தார்கள்: கட்டட லாரிகளின் சக்கரத்தில் சைக்கிள்காரர்கள் மாண்டதைக் கண்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பக்கத்துச் சாலை எவ்வளவு தெரிகிறது என்று அளந்து, போதிய பார்வையில்லாத லாரிக்கு நகருக்குள் இடமில்லை என்று 2021 முதல் தடுத்தார்கள். நம் ஊர் டிப்பரின் இடப்பக்கம் சைக்கிளில் போகிற தோழரை ஓட்டுநர் காண முடியுமா? உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும்.

ஸ்டாக்ஹோம் பணக்கார ஊர், நமக்கு எட்டுமா என்பார்கள். என்ன எட்டாது? வேலி போட்ட ஒரு மனை, ஒரு காவலாளி, ஒரு பதிவேடு, சின்ன வண்டிகள் பத்து. சிதம்பரத்துக்குப் புறவழிச்சாலை ஓரம் ஒன்று, கடலூருக்குச் செம்மண்டலத்துக்கு வெளியே ஒன்று, முதுநகருக்கு அப்பால் ஒன்று. மனை மாநகராட்சியுடையது, நகராட்சியுடையது. வாடகை, பொருள் போடுகிறவருடையது. சின்ன வண்டி ஓட்டுவதிலே நூறு இளைஞருக்கு வேலை. சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம்வரை 50 கிலோமீட்டர் நாற்கரச் சாலையை 2025 ஜூலையில் திறந்து வைத்தார்கள். 2,300 கோடிக்கு மேல் செலவு. அந்தச் சாலையில் பறந்து வரும் லாரி, சந்து முனையில் இரண்டு மணி நேரம் நிற்குமானால், அந்தக் கோடிகள் வாங்கிக் கொடுத்தது என்ன? அதில் நூற்றிலொரு பங்கு செலவில் எத்தனை ஊருக்குக் கிடங்கு கட்டலாம்!

ஏழை வீடு கட்டுகிறவனுக்குக் கிடங்கில் ஒரு மாதம் இலவசம். அரை லோடாக, கால் லோடாக அவன் எடுத்துப் போகட்டும். சீமானுக்குச் சதுர அடிக் கணக்கில், நாள் கணக்கில் வாடகை. வீதியில் கொட்டினாலோ, கிடங்கு வாடகையைப்போல் பத்து மடங்கு; மூன்றாம் நாள் பொருளே பறிமுதல். கொட்டியவர் பெயரும் ஒப்பந்தக்காரர் பெயரும் கட்டட வாசலிலே பலகையில் எழுதப்பட வேண்டும். ஓட்டுநர்மேல் வழக்குப் போட்டுக் கைகழுவுவது கூடாது. கொட்டச் சொன்னவர் எவரோ அவரே பொறுப்பு.

இனிக் கசப்பான ஒன்று. ஒப்பந்தக்காரர்களில் கரைவேட்டிக்காரர்கள் இல்லையா? இருக்கிறார்கள். எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள், நம்மிடமும் இருக்கிறார்கள். மணலை எடுக்கச் சொன்ன ஊழியரிடம், "நான் யார் தெரியுமா?" என்று கேட்கிறவர் பெரும்பாலும் அவர்தான். அவருக்காக எந்தத் தோழரும் நகராட்சிப் படியேறிப் பரிந்து பேசக் கூடாது. தள்ளுவண்டிக்காரருக்காக ஏறுங்கள், சுமைதூக்கும் தோழருக்காக ஏறுங்கள்.

கடலூரில் 45 வார்டு, சிதம்பரத்தில் 33 வார்டு. வார்டுக்கு இரண்டு தோழர் போதும். ஒரே ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பாருங்கள். எந்தத் தெரு, எந்தக் கதவு எண், என்ன பொருள், எத்தனை அடி நீளம், எத்தனை நாளாய்க் கிடக்கிறது, இரவிலே சிவப்பு விளக்கு உண்டா, வடிகால் அடைபட்டதா என்று எழுதுங்கள். ஏழையின் ஒரு லோடைத் தனியே குறியுங்கள். அதே தாளின் மறுபக்கத்தில், அந்தத் தெருவிலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் விரட்டப்பட்ட தள்ளுவண்டிகள் எத்தனை என்றும் எழுதுங்கள். 78 தாளையும் ஒன்றாகக் கட்டி, மறுநாள் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.